இருபத்துநான்கில் ஒரு பங்கு

சட்டத்துக்குத்தான் விலை, முந்நூறு.
படத்தை வேண்டுமானால் கழற்றிப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்
காரைக்குடிப் பழம்பொருள் கடை சுபைர்.
நான் சட்டத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன்.
படத்துக்கு நாற்பது வாங்கிக்கொண்டார், சிரிக்காமல்.

தேவகோட்டை மோட்டார் ஷெட், 1934.
பின்பக்கம் பென்சிலில், இடமிருந்து வலம்:
ஃபிட்டர் சந்தியாகு, கடைசல் ராக்கப்பன்,
பெயிண்டர் காசீம், கணக்கு அரு. சோலையப்பன்,
மற்றும் ஒருவர்.

பகலில் நான் பல் கட்டுகிறவன்.
செக்காலை ரோட்டில் ஒரு மாடியறை.
டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள்.
பார்த்தேயிராத வாய்களுக்கு
மெழுகு வைத்து, வார்த்து, தேய்த்து,
டப்பாவில் பெயரெழுதி அனுப்புவேன்.

இரவில் ஓர் அடி என்றால் அரை அங்குலம்.
ஆள் ரெண்டே முக்கால்.
ஆறங்குல ஸ்பேனர் ஓர் அரிசி நீளம்,
பொன்னி அரிசி. பாஸ்மதி என்றால்
எட்டங்குல ஸ்பேனர் ஆகிவிடும்.

சுவருக்குப் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர்.
மேலே ஆம்லெட் கடையில் கேட்டு வாங்கிய முட்டை ஓடு,
அரைத்து, மூன்று முறை சலித்து.
(சுவருக்கெல்லாம் வெள்ளைக்கரு பூசிய ஊர்
ஓட்டை என்ன செய்திருக்கும்?)
ரேடியேட்டருக்கு டீ வடிகட்டி.
துருவுக்குத் துருதான்:
சைக்கிள் செயினை வினிகரில் ஊறப்போட்டேன்.

எண்ணெய்தான் அடங்கவில்லை.
தரையில் ஒரு சொட்டு விட்டால் குளம்.
ஊசிமுனையால் தொட்டு வைத்தாலும்
விளிம்பு உப்பிக்கொண்டு நிற்கிறது.
லாரியைச் சுருக்கலாம், உத்தரத்தைச் சுருக்கலாம்,
சொட்டு சம்மதிக்க மாட்டேன் என்கிறது.
தூசியும் அப்படி.
என் அறையில் பறப்பது
அங்கே போய் விழுந்தால் கூழாங்கல்.

மூன்று வாரத்தில் நாலு பேர் எழுந்து நின்றார்கள்.
ஐந்தாவது ஆளுக்குப்
பாதங்கள் துல்லியம். செருப்பில்லை.
இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது.
முழங்காலுக்கு மேல் கலங்கல்,
கழுத்துக்கு மேல் வெறும் புகை.
அசையாதீர்கள் என்று சொல்லித்தான் எடுத்திருப்பார்கள்.
அசைந்திருக்கிறான்.

பஞ்சு வைத்தேன்: பேய்.
பசையை இழுத்துத் தேய்த்தேன்: சளி.
அச்சு டப்பா கொண்டுவந்த ஜெபராணி குனிந்து பார்த்துக் கேட்டாள்,
"இவருக்கு மட்டும் என்ன, குளிருதா?"
மற்றதை விட்டுவிட்டுப் பாதங்களை மட்டும் வைத்தேன்.
அது இன்னும் மோசம்.

பிறகொரு ராத்திரி, கடைசல் இயந்திரத்துக்கு
அறுந்த கைக்கடிகார வாரைக் கிழித்து
பெல்ட் போட உட்கார்ந்தேன்.
சக்கரத்தின் ஆரங்களை எண்ண லென்ஸைப் படத்தின்மேல் வைத்தால்
எண்ண முடியவில்லை.
ஆரங்களும் புகை.

ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
நாலு பேர் படத்துக்கு நிற்க
யாரும் நிறுத்தாத இயந்திரம்
பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டிருக்கிறது.
பெல்ட் நழுவுகிற சத்தமாக இருக்கலாம்.
ராக்கப்பன் காதிலும் விழுந்திருக்கும்,
அவன் இயந்திரம்தானே.
மீசை அசையவில்லை.

மெழுகு இளகியிருக்கும்போதே
கழுத்தைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினேன்.
முகம் பின்சுவரைப் பார்த்துப் போய்விட்டது.
இனி அதை நான் கண்டுபிடிக்க வேண்டாம்.
பிடரி செதுக்கினேன், காது ஒன்று.
காதுக்குத்தான் விடியும்வரை பிடித்தது.

சக்கரத்தை ஒட்டவில்லை.
ஊதினால் சுற்றும்.

இன்று செவ்வாய்.
மூன்று கடவாய்ப்பல், கீழ்வரிசை, பள்ளத்தூர் ஆள்.
அச்சு எடுக்கும்போது அசைந்திருக்கிறார்,
ஓரம் இழுபட்டிருக்கிறது.
இப்படி வந்தால் வேறு அச்சு கேட்டுத்
திருப்பி அனுப்புவது வழக்கம்.

டப்பாவை இன்னும் மூடவில்லை.